ஆறு வளை, ஒரு நாடி

ஆறு பேருக்காகத் தண்ணீர் குடிக்கும் பொறுப்பு உச்சிமாகாளியிடம் இருந்தது. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் எட்டு மாதமாக அந்த உப்பளத்தில் ஒரு நாள் தவறாமல் அவள் செய்துவந்த வேலை அதுதான். உப்பு வாருவது அதற்கு அடுத்தபடி.

எல்லாம் அந்த வளையால் வந்தது. உடல்நலம் ஒவ்வொரு மனிதருக்கும் பிறப்புரிமை என்று சட்டம் வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. வெறும் காகிதச் சட்டமில்லை. இனி யாரும் ஆஸ்பத்திரி வாசலில் கால்கடுக்க நிற்க வேண்டாம், ஆஸ்பத்திரியே ஆளைத் தேடி வரும் என்றார்கள். அதற்காக ஆளுக்கொரு வளை கொடுத்தார்கள். வியர்வையையும் நாடியையும் பார்த்து, தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு அது உடம்பை அளந்து மையத்துக்குச் சொல்லும். நன்றாக இருந்தால் மறுநாள் அளக்கும்வரை பச்சை விளக்கு. கொஞ்சம் கவலைப்பட வேண்டுமென்றால் மஞ்சள். சிவப்பு வந்துவிட்டால் அரை மணி நேரத்தில் மருத்துவ வேன் வந்து நிற்கும், மலையானாலும் சரி, தீவானாலும் சரி. அப்படி வந்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியும் இருக்கிறது, இல்லையென்று சொல்லக்கூடாது. சட்டம் எழுதியவர்கள் நல்லவர்கள். உடம்பு அவரவருடையது, எனவே வளையைக் கழற்றி வைக்கும் உரிமையும் அவரவருக்கு வேண்டும் என்று அதுவரைக்கும் யோசித்திருந்தார்கள். உப்பளத்தை யோசிக்க மறந்துவிட்டார்கள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டிக் கிடந்த அந்த உப்பளத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்திகள்தான். ஒரு புதர் கிடையாது. குட்டிச்சுவர்கூடக் கிடையாது. ஆண்கள் வரப்பில் திரும்பி நின்று காரியத்தை முடித்துக்கொள்வார்கள். பெண்கள் விடிவதற்கு முன்பு வீட்டில் போய்விட்டு வந்தால், மறுபடி வீடு திரும்பிய பிறகுதான். அதனால் தண்ணீர் குடிப்பதில்லை. நாக்கு வறண்டால் கொப்பளித்துத் துப்புவார்கள். அவர்களுக்கு முன்னால் அங்கே உப்பு வாரிய பெண்களும் அப்படித்தான் இருந்தார்கள் என்பதால், நீர்க்கடுப்பும் இடுப்புவலியும் வேலையோடு சேர்ந்து வருபவை என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

வளை அப்படி நினைக்கவில்லை. முதல் வாரமே வேல்கனிக்கு மஞ்சள் விளக்கு எரிந்தது. கூடவே ஒரு பெண்குரல், குழைவாக, "தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள்" என்றது. வேல்கனி விழுந்து விழுந்து சிரித்தாள். "குடிக்கேன் தாயி. குடிச்சிட்டு எங்கன போவேன், உன் வீட்டுக்கா?" என்று வளையைப் பார்த்தே கேட்டாள்.

மறுநாள் காலையில் சிரிப்பு நின்றுவிட்டது. கங்காணி தங்கப்பழம் பொல்லாதவர் அல்ல. ஆனால் பெயர் கூப்பிடும்போது அவர் கண் மணிக்கட்டுக்குத்தான் போகும். "உடம்பைப் பாத்துக்கோ தாயி, ரெண்டு நாள் வீட்ல இரு" என்று பரிவாகத்தான் சொன்னார். ரெண்டு நாள் கழித்து வேல்கனி வந்தபோது அவள் பாத்தியில் வேறொருத்தி நின்றுகொண்டிருந்தாள். மறுபடி வேலை கிடைக்க ஒன்றரை மாதம் ஆயிற்று. நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிற மகளை அந்த ஒன்றரை மாதத்தில் படிப்பை விட்டுவிட்டு வரச்சொல்லும் நிலைக்கே வந்துவிட்டாள்.

அப்போதுதான் உச்சிமாகாளிக்கு அந்த யோசனை வந்தது. ஆறு பேரும் ஒரே வரிசையில் வேலை பார்ப்பவர்கள். ஒருத்தி மட்டும் நன்றாகத் தண்ணீர் குடிக்கட்டும். அவள் ஒதுங்கும்போது நாலு பேர் புடவையை விரித்துச் சுற்றி நின்று மறைக்கட்டும். ஒருத்திக்காக மூன்று தடவை நாலு பேர் வேலையை விட்டால் கங்காணி பார்த்தும் பாராததுபோல் இருந்துவிடுவார். ஆறு பேருக்கும் என்றால் உப்பு அப்படியே கிடக்கும், விட மாட்டார். ஆகவே குடிக்கிற ஒருத்தி பகல் பன்னிரண்டு மணிக்கு ஆறு வளையையும் தன் கையில் மாட்டிக்கொண்டால் ஆறு பேருக்கும் பச்சை. சேலைக்கு மேலே எல்லோரும் ஆண்கள் சட்டை போட்டிருப்பார்கள், முழுக்கைச் சட்டை, வெயிலுக்காக. அதற்குள்ளே ஆறு வளை என்ன, அறுபது வளை போட்டாலும் தெரியாது.

"யாரு குடிக்க?" என்று கேட்டாள் பாக்கியசெல்வி, அவர்களில் இளையவள்.

"நான்தான். எனக்குத்தான் வெக்கம் கம்மி" என்றாள் உச்சிமாகாளி.

வேல்கனி அவளைவிட ஐந்து வயது மூத்தவள். உச்சிமாகாளி கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், கண்கூசும் வெள்ளை வெளியில் எங்கே பார்க்க வேண்டும், எங்கே பார்க்கக் கூடாது என்று தெரியாமல் கண்ணீரும் கம்பலையுமாக நின்றபோது, தன் முந்தானையைக் கிழித்து அவள் நெற்றிக்குக் கட்டிவிட்டவள். அக்கா என்று கூப்பிட ஆரம்பித்து, சொந்த அக்கா இருந்தால் இவ்வளவு சண்டை போட முடியுமா என்ற அளவுக்குப் போய்விட்டது. அந்த வேல்கனியின் முகம்தான் கார்த்திகை கழிந்ததிலிருந்து காலையில் உப்பியிருந்தது.

முதலில் தூக்கக் கலக்கம் என்றாள். பிறகு கால் வீங்கியது. ரப்பர் செருப்பின் வார் பதிந்த தடம் சாயங்காலம்வரை மறையவில்லை. ஒருநாள் உப்புப் பெட்டியைத் தலையில் வைத்து, உப்பைக் குவிக்கும் தட்டுமேட்டில் ஏறும்போது பாதியில் நின்று, மேலே போவதா கீழே இறங்குவதா என்று தெரியாதவள்போலச் சுற்றுமுற்றும் பார்த்தாள். உச்சிமாகாளி ஓடிப்போய்ப் பெட்டியைத் தாங்கிக்கொண்டாள்.

"யக்கா, இன்னிக்கு வளைய உன் கையிலயே போட்டுக்கோ. என்னதான் சொல்லுதுன்னு பாப்போம்."

"சிவப்புன்னு சொல்லும். சொன்னா வேலை போவும். எனக்குத் தெரியாதா?"

"உசுரு போயிட்டா வேலைய வச்சி என்னக்கா செய்ய?"

"மவளுக்கு இன்னும் ஒரு வருசம்தான் இருக்கு. ஒரு வருசம் ஓட்டிருவேன். நீ யார்ட்டயும் வாயத் தொறக்கக் கூடாது. எம்மவ மேல சத்தியம் பண்ணுட்டி."

உச்சிமாகாளி சத்தியம் செய்து கொடுத்தாள். கொடுத்த அன்று இரவெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வேல்கனியை இழுத்துக்கொண்டு நலமையத்துக்குப் போனாள். அங்கே இருந்த நர்ஸ் தங்கமான பெண். வேல்கனியின் காலை அழுத்திப் பார்த்தாள், விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. ஆனால் திரையைப் பார்த்ததும் முகம் குழம்பிவிட்டது.

"எட்டு மாசமா பச்சைதாம்மா காட்டுது. உங்க வயசுல இப்படி ஒரு உடம்பை நான் பார்த்ததே இல்ல. பச்சைக்கு டாக்டர் நேரம் ஒதுக்கணும்னா மூணு மாசம் ஆகும். வரிசையை மெஷின்தான் போடுது, எங்க கையில ஒண்ணுமில்ல."

"கண்ணால பாக்கீங்கள்லா, வீங்கியிருக்குல்லா?" என்றாள் உச்சிமாகாளி.

"நான் பார்த்ததை எழுத அதுல இடமே இல்லம்மா. வளை சொல்லணும்." நர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வளையை யாரும் மாத்திப் போட்டுக்கிடலையே? வடக்க ஒரு செங்கல் சூளையில அப்படிச் செஞ்சிருக்காங்க. கண்டுபிடிச்சு, விசாரணை முடியுற வரைக்கும் அத்தனை பேருக்கும் வைத்தியத்தை நிறுத்தி வச்சிட்டாங்க. ஆறு மாசம்."

உச்சிமாகாளியின் வாய்வரைக்கும் உண்மை வந்துவிட்டது. மேசைக்குக் கீழே வேல்கனி அவள் கையை இறுகப் பிடித்தாள். அந்தப் பிடியில்கூட வீக்கம் தெரிந்தது. உச்சிமாகாளி வாயை மூடிக்கொண்டாள். சொன்னால் ஆறு பேருக்கும் வைத்தியம் போகும், சொல்லாவிட்டால் வேல்கனி போவாள். பேருந்தில் திரும்பி வரும்போது அக்கா அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். மூச்சில் ஒரு புளித்த வாடை அடித்தது.

திங்கட்கிழமை முதல் உச்சிமாகாளி தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள்.

சத்தியத்தை மீறவில்லை. யாரிடமும் எதையும் சொல்லவில்லை. தன் உடம்பை வைத்து வளையைச் சொல்ல வைப்பதை யாரும் தடுக்கவில்லையே! கங்காணியால் ஒருத்தியை வீட்டுக்கு அனுப்ப முடியும், இரண்டு பேரையும் அனுப்பலாம். ஆறு பேரையும் அனுப்பிவிட்டு யாரை வைத்து உப்பு வாருவார்? ஆறும் சிவந்தால் வேன் வரும், அக்காவையும் ஏற்றிக்கொண்டு போகும். இதுதான் அவள் கணக்கு. வீட்டில் சோறு தொண்டையில் இறங்கும் அளவுக்கு ஒரு மடக்கு மட்டும் குடித்தாள்.

"என்னக்கா, இன்னிக்குப் புடவை பிடிக்கச் சொல்லவே இல்ல?" என்று கேட்டாள் பாக்கியசெல்வி.

"தாகமில்லட்டி."

வேல்கனி பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கி, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் வரப்பில் கொட்டினாள். நல்ல தண்ணீரை மண்ணில் கொட்டுவது பாவம் என்று மனது அடித்துக்கொண்டது. உப்புத் தரை ஒரு நொடியில் அதை உறிஞ்சிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை ஆறு வளையும் ஒன்றாக மஞ்சளுக்கு மாறின. புதன்கிழமை காலை தங்கப்பழம் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தவர் ஆறு மணிக்கட்டையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுப் பார்த்தார். உப்பு ஏற்ற லாரி வந்து நின்றுகொண்டிருந்தது. "சரி சரி, வேலையப் பாருங்க பிள்ளைகளா" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டார்.

வேல்கனிக்கு விஷயம் அப்போதுதான் உறைத்தது. "என்ன காரியமிட்டி பண்ணுத?" என்று உச்சிமாகாளியின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "தண்ணியக் குடிடி சவமே!"

"நீ குடி. நானும் குடிக்கேன்."

அன்று பகல் பன்னிரண்டுக்கு உச்சிமாகாளிக்கு எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லை. உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. வேல்கனி தன் வளையைத் தர மாட்டேன் என்றாள். அதைப் பாக்கியசெல்வி பிடுங்கிக்கொண்டு வந்து மாட்டினாள். அழுதுகொண்டேதான் மாட்டினாள், ஏனென்றால் அவளுக்கும் இந்த மூன்று நாளில் காரணம் புரிந்திருந்தது. ஆறு விளக்கும் ஒரே நேரத்தில் சிவந்தன. "உங்களுக்கு உடனடி உதவி தேவை. பயப்பட வேண்டாம், வந்துகொண்டிருக்கிறோம்" என்று ஒரே கையிலிருந்து ஆறு குரல்கள் ஒன்றாகப் பேசின. அவரவர் வளையை அவரவர் கையில் மாட்டிக்கொண்டு, வேன் வரட்டும் என்று தண்ணீரைத் தள்ளிவிட்ட உச்சிமாகாளியை உப்பு அம்பாரத்தின் நிழலில் படுக்க வைத்துவிட்டு, ஐந்து பெண்களும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வேன் வரவில்லை. அரை மணி நேரம் கழித்து ஒரு ஸ்கூட்டர் வந்தது.

வழுக்கைத் தலையும் சின்னத் தொப்பையுமாக இறங்கியவர், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வளை ரிப்பேருக்கு வந்திருக்கேன். பேரு கிப்ட்சன்" என்றார்.

"ரிப்பேரா? வேன் எங்க அண்ணாச்சி?" என்று பாக்கியசெல்வி கத்தியே விட்டாள்.

"கோவப்படாதீங்கம்மா. ஆறு வளையிலயும் ஒரே நாடி, ஒரே வியர்வை, ஒரு புள்ளி வித்தியாசமில்ல. ஆறு மனுசருக்கு அப்படி இருக்காதுல்லா? அதனால வளைதான் பழுதுன்னு மெஷின் முடிவு பண்ணிட்டு. பச்சையா இருக்கும்போது யாரும் உத்துப் பாக்கிறதில்ல. சிவந்ததும்தான் பார்த்திருக்கு." அவர் பையிலிருந்து ஆறு புது வளைகளை எடுத்தார். "இதை நானே உங்க கையில மாட்டி, அரை மணி நேரம் கண்ணெதிர வச்சிப் பாக்கணும். புதுசு மாட்டின உடனே அளக்கும். அதுதான் விதி. உக்காருங்க."

ஐந்து பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓடவும் முடியாது, மறைக்கவும் முடியாது. வேல்கனிதான் முதலில் உட்கார்ந்து கையை நீட்டினாள். உச்சிமாகாளி மூச்சுவாங்கிக் கிடந்ததைப் பார்த்த பிறகு அவளுக்கு வீம்பு பிடிக்க மனமில்லை.

புது வளை வேல்கனியின் மணிக்கட்டில் ஏறவில்லை. கிப்ட்சன் வாரைக் கடைசித் துளைக்குத் தள்ளி மாட்டினார். மாட்டிய ஐந்தாவது நிமிடம் அது சிவந்தது. பழைய குரல் இல்லை, கிப்ட்சனே கேட்டிராத ஒரு மணிச்சத்தம் விடாமல் அடித்தது. உச்சிமாகாளிக்குச் சிவப்பு. இன்னும் இரண்டு பேருக்குச் சிவப்பு. பாக்கியசெல்விக்கும் இன்னொருத்திக்கும் மஞ்சள். கிப்ட்சன் பையில் உபரியாகக் கிடந்த இன்னொரு வளையைத் தன் கையில் மாட்டிப் பார்த்தார். பச்சை.

காதில் மாட்டியிருந்த கருவியில், என்ன ஆயிற்று என்று மையம் கேட்டது. அவர் பதில் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"மாத்திட்டேன்... இல்ல, இப்ப ஆறும் வேற வேற காட்டுது... பழுது இல்ல சார். வளையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆளுகளுக்குத்தான் முடியல. வேனை அனுப்புங்க, ரெண்டு வேனா அனுப்புங்க."

காத்திருந்த நேரத்தில் அவர் தன் குடையை விரித்து உச்சிமாகாளியின் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, தன் பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக வாயில் தண்ணீர் விட்டார். "எப்படிம்மா ஆறும் ஒரே மாதிரி காட்டிச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். அவள் சொன்னாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? தண்ணீர், புடவை, சட்டைக்கை, சத்தியம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுந்து நின்று நாலு பக்கமும் ஒரு சுற்றுப் பார்த்தார். நாற்பத்தைந்து வயதுவரை தூத்துக்குடியிலேயே இருந்துகொண்டு, இந்த உப்பையே தின்றுகொண்டு, இதைக் கவனிக்கவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். வேன் வருகிறவரை அவளை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் உச்சிமாகாளிக்கு நாலு நாள் குளுக்கோஸ் ஏறியது. பிழைத்துக்கொண்டாள். வேல்கனிக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷின் வைத்தார்கள். சிறுநீரகம் பாதிக்குமேல் போய்விட்டது, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் மிச்சமும் போயிருக்கும் என்றார் டாக்டர். அடுத்தடுத்த கட்டிலில் இருந்தும், தண்ணீரை விட்டுச் சாகத் துணிந்தாளே என்ற கோபத்தில் வேல்கனி இவளோடு பேசவில்லை. மகள் நாகர்கோவிலிலிருந்து ஓடிவந்து, இரண்டு நாள் பக்கத்தில் இருந்துவிட்டு, அம்மாவிடம் அடம்பிடித்துத் திட்டு வாங்கிக்கொண்டு பரீட்சைக்குத் திரும்பிப் போனாள். அப்போதும் பேசவில்லை.

ஏழாம் நாள் காலையில் கிப்ட்சன் வந்தார். கையில் ஒரு படிவம். உச்சிமாகாளிக்கு விசாரணை, ஆறு பேருக்கும் நிறுத்தம், எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

"விசாரணையா அண்ணாச்சி?"

"எந்த விசாரணை? மாத்திப் போட்டதை நான் எழுதவே இல்ல. பழுது சரியாயிட்டுன்னு உங்க கையெழுத்து வேணும், அதுக்கு வந்தேன்." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நோய்னு எழுதியிருந்தா வைத்தியம் பார்த்து, பழையபடி அங்கேயே கொண்டுபோய் விட்டிருப்பாங்க. உப்பளத்துல கக்கூஸ் இல்லன்னு மனு எழுதினா அதுக்கு நாள் கணக்கே கிடையாது, எத்தனை வருசம் வேணும்னாலும் கிடக்கும். ஆனா வளை பழுதுன்னா ஏழு நாளைக்குள்ள சரி பண்ணியாகணும். அப்படி ஒரு ஒப்பந்தம்."

"வளை நல்லாயிருக்குன்னுதான சொன்னீங்க?"

"அந்த இடத்துல வச்சா சரியா வேலை செய்யாதுன்னு எழுதினேன். பொய்யில்லையே? படிவத்துல, தேவைப்படும் உதிரிபாகம்னு ஒரு கட்டம் இருக்கு. இன்னதுதான் எழுதணும்னு ஒண்ணும் போடல." படிவத்தைத் திருப்பிக் காட்டினார். கழிப்பறை இரண்டு, குடிதண்ணீர்த் தொட்டி ஒன்று, நிழல்கூரை ஒன்று என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது. "மெஷின் ரெண்டு நிமிசத்துல சம்மதம் கொடுத்துட்டு. நேத்து வந்து கட்டிட்டுப் போயிட்டாங்க. கங்காணி சாமான் வந்த லாரியச் சுத்திச் சுத்தி வந்தாரு. என்னய்யா இதுன்னு கேட்டதுக்கு, வளை பாகம்னு சொல்லியிருக்காங்க."

பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வேல்கனி சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஊசி குத்திய கையை வலிக்க வலிக்க ஆட்டிக்கொண்டு சிரித்தாள்.

"எத்தன வருசமிட்டி? மனுசிக்குன்னு கேட்டப்ப வரல. வளைக்குன்னதும் ஒரு வாரத்துல வந்துட்டு, பாத்தியா?"

ஏழு நாளில் அவள் இவளிடம் பேசிய முதல் பேச்சு அது. உச்சிமாகாளி எழுந்து போய் அவள் கட்டிலில் உட்கார்ந்து தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து நர்ஸ் ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மத்தியானம்வரை இவ்வளவுதான், ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குமேல் போகக் கூடாது, மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கிப்ட்சன் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறையக் குடிக்கலாம் என்று ஒரு வழி பிறந்த நாளில், குடிக்கக் கூடாது என்று இவளுக்கு வந்துவிட்டதே என்று உச்சிமாகாளிக்கு ஆற்றாமையாக இருந்தது. அடக்க முடியாமல் அழுதாள்.

"அழாதட்டி. நீ ஏன் அழுத? உன்னாலதான உசுரோட இருக்கேன்." வேல்கனி அவள் தலையைத் தடவினாள். "மூணு மாசம்தான? நான் வாரேன். வந்து, உள்ள போயி, கதவச் சாத்திக்கிட்டு ஒருக்கா சும்மாவாச்சும் நின்னு பாக்கணும்."

பிறகு ஏதோ நினைவு வந்தவளாகக் கிப்ட்சனைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா?"

கிப்ட்சன் திகைத்தார். அதை அவர் யோசிக்கவில்லை. உச்சிமாகாளி இன்னும் கையெழுத்துப் போடாத படிவத்தைத் தன் மடியில் விரித்தார். பேனாவைத் திறந்து, உதிரிபாகக் கட்டத்தில் நெருக்கிப் பிடித்து இன்னொரு வரி எழுதினார்: தாழ்ப்பாள், உள்பக்கம், இரண்டு.